நூற்றுப் பதினெட்டாம் எண்

மே 12, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். ஈரோடு பெருந்துறை ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. மூன்று மேசை, ஒரு ஏசி. முதலாளி சுப்புரத்தினம் அண்ணன். கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறார். அவரை விட்டால் ஜெசிந்தா என்று ஒரு பெண். முப்பத்தொரு வயது, என்னைவிட இரண்டு வயது இளையவள். பத்து வருடமாக இதே மேசையில் இருக்கிறாளாம். எல்லாவற்றையும் பி.எச்.பி. என்ற பழைய புரோகிராம் மொழியில் எழுதுகிறாள். இந்தக் காலத்தில் பி.எச்.பி.! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சரியாக அடக்கவில்லை போலிருக்கிறது, அவள் பார்த்துவிட்டாள்.

"நம்ம குழந்தைவேலு பெங்களூர்ல எட்டு வருசம் பெரிய கம்பெனில இருந்தவரு. போதும்னு விட்டுப்போட்டு வந்துட்டாரு" என்று அண்ணன் அறிமுகம் செய்தார். அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

"பெங்களூர் சாருக்கு டீயா, காபியா?" என்றாள் ஜெசிந்தா.

"சாரெல்லாம் வேண்டாங்க."

"சரிங்க சார்."

இரண்டு மாதமாக யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

மே 14, புதன்

பவானி பக்கம் ஒரு அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது. வருடா வருடம் அறுபது பெண்களுக்கு ஆய்வகப் பயிற்சி தருகிறார்கள். ஒரு வருடம், இலவசம், தங்கும் விடுதியும் உண்டு, முடித்தால் அங்கேயே வேலை. ஜூன் 2 முதல் 5 வரை ஆன்லைனில் விண்ணப்பம். மூன்று வருடமாக ஜெசிந்தாவின் பக்கம்தான் ஓடுகிறது.

அவள் வேலை செய்யும் லட்சணத்தைப் பார்த்தேன். எதை மாற்றுவதற்கு முன்னும் மொத்த ஃபோல்டரையும் நகல் எடுத்து, அதற்கு 'பழசு' என்று பெயர் வைக்கிறாள். அதற்கும் முந்தையது 'ரொம்பப் பழசு'.

"இதுக்கெல்லாம் வெர்ஷன் கன்ட்ரோல்னு ஒண்ணு இருக்குதுங்க, தெரியுமா?" என்றேன்.

"தெரியுங்க. அதுவும் பழச எடுத்து வெக்கறதுதானுங்களே?"

வாய்க்கொழுப்பு ஜாஸ்தி.

மே 19, திங்கள்

அந்த விண்ணப்பப் பக்கத்தை நோட் ஜேஎஸ் என்ற புது முறையில் மறுபடி எழுதித் தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. ஜெசிந்தாவின் முகம் மலரவில்லை.

"அண்ணா, இது ஷேர்ட் ஹோஸ்டிங்ங்க. ஒரே கம்ப்யூட்டர்ல நம்மளோட சேத்தி ஐநூறு சைட்டு குடியிருக்குது. பி.எச்.பி. யாராச்சும் வந்து கேட்டாத்தான் முழிக்கும். கேட்டதக் குடுத்துட்டு அப்பவே செத்துப்போயிரும். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவே இல்ல. இவுரு சொல்றது ராத்திரி பகல் முழிச்சுக்கிட்டே இருக்கோணும். லைன் வீட்டுல குடியிருந்துக்கிட்டு மோட்டார நாள் பூராப் போட்டு வெச்சா, வீட்டுக்காரரு ஃபியூசப் புடுங்க மாட்டாருங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நோட் ஜேஎஸ்ஸுக்குத் தனி சர்வர் எடுப்பதுதான் முறை. எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் அறக்கட்டளை இந்த ஹோஸ்டிங்குக்குத்தான் பணம் கட்டியிருக்கிறது, மாற்ற முடியாது என்றார் அண்ணன். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்றேன்.

ஜெசிந்தா தன் பக்கத்தை நகல் எடுத்து வைத்தாள்.

மே 27, செவ்வாய்

முடிந்தது. என் லேப்டாப்பில் பறக்கிறது.

மே 28, புதன்

ஹோஸ்டிங்கில் ஏற்றினேன். ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பக்கமே இல்லை. புரோகிராமைக் கொன்றிருக்கிறார்கள், அதாவது பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். மறுபடி ஓட்டினேன், ஒரு மணி நேரத்தில் மறுபடி கொன்றார்கள். நீண்ட நேரம் ஓடுகிற எதையும் அந்த ஹோஸ்டிங் தானாகவே பிடித்துக் கொன்றுவிடுகிறது.

எனக்கா வழி தெரியாது? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, செத்திருந்தால் எழுப்பிவிடும்படி ஒரு ஏற்பாடு செய்தேன்.

"எப்படிங்க போகுது?" என்றாள் ஜெசிந்தா.

"சூப்பருங்க."

மே 30, வெள்ளி

அடுத்த தலைவலி. என் புரோகிராம் டேட்டாபேஸுக்குப் பத்து கதவுகளை எப்போதும் திறந்தே வைத்துக்கொள்கிறது. ஹோஸ்டிங்காரன் அத்தனையை அனுமதிப்பதில்லை, கதவைச் சாத்துகிறான். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வருகிற விண்ணப்பங்களை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு ஒருமுறை மொத்தமாக டேட்டாபேஸில் எழுதிவிட வேண்டியது. விண்ணப்பிக்கிறவர்களுக்கு எண் உடனே கிடைத்துவிடும், காத்திருக்க வேண்டாம். மூளை இன்னும் வேலை செய்கிறது, பரவாயில்லை.

அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கினேன். அலுவலகத்துக்குக் கீழேயே கடை இருப்பது ஒரு வசதி.

ஜூன் 2, திங்கள்

விண்ணப்பம் திறந்தது. சாயங்காலத்துக்குள் அறுபத்தொன்று. "பெங்களூர்க் கையி பெங்களூர்க் கையிதான்" என்றார் அண்ணன். பஜ்ஜி வாங்கித் தந்தார்.

ஜூன் 3, செவ்வாய்

மதியம் பக்கம் திறக்கவில்லை என்று யாரோ ஃபோன் செய்தார்கள். நான் பார்ப்பதற்குள் எழுந்துவிட்டது. ஐந்து நிமிடம்தானே.

ஜூன் 5, வியாழன்

கடைசி நாள். காலை பதினோரு மணிக்கு ஹோஸ்டிங்காரர்கள் எங்கள் கணக்கையே முடக்கிவிட்டார்கள். உங்கள் புரோகிராம் செத்துச் செத்து எழுகிறது, எழும்போதெல்லாம் அண்டை சைட்டுகள் திணறுகின்றன என்று மின்னஞ்சல். எதைத் தட்டுகிறேன் என்றே தெரியவில்லை.

"எந்திரிங்க" என்றாள் ஜெசிந்தா. என் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹோஸ்டிங்கில் இருக்கிற யாரோ ஒருவரை ஃபோனில் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், "தப்புத்தானுங்க, எடுத்துர்றோம், இன்னிக்குக் கடைசி நாளுங்க" என்று கெஞ்சினாள். கணக்கைத் திறந்துவிட்டார்கள். என் புரோகிராமை நிறுத்தினாள், டேட்டாபேஸைத் தன் பக்கத்தோடு இணைத்தாள், 'பழசு' ஃபோல்டரின் பெயரை மாற்றினாள். அவ்வளவுதான். பக்கம் ஓடியது. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஃபோல்டர் பெயரை மாற்ற ஆன நேரம் அரை நிமிடம் இருக்கும்.

அறக்கட்டளைச் செயலர் ஃபோன் செய்தபோது அவள் டிபன் பாக்ஸ் கழுவப் போயிருந்தாள். "ஒரு சின்ன டெக்னிக்கல் பிரச்சினைங்கய்யா. நம்ம வேலு இருந்தாரு, சமாளிச்சுட்டாரு" என்றார் அண்ணன். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஜெசிந்தா ஈரக் கையோடு உள்ளே வந்தபோதும் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

சும்மா எண்ணிப் பார்த்தேன்.

எத்தனை மணிக்கு ஒரு விண்ணப்பம் வந்தது என்று ஹோஸ்டிங் தானாகவே ஒரு குறிப்பு வைத்திருக்கும், விண்ணப்பத்தில் இருந்த விவரம் அதில் இருக்காது. அந்தக் குறிப்பின்படி வந்து சேர்ந்த விண்ணப்பங்கள் 247. டேட்டாபேஸில் இருப்பவை 228. பத்தொன்பது காணோம்.

எங்கே போகும்? புரோகிராமைக் கொன்ற ஒவ்வொரு தடவையும், அந்தக் கால் மணியில் வந்து, டேட்டாபேஸில் ஏறாமல் நினைவகத்தில் உட்கார்ந்திருந்தவை அதோடு போயின. இன்னொன்றும் இருக்கிறது. மறுபடி எழுந்ததும் என் புரோகிராம் டேட்டாபேஸில் கடைசி எண் என்ன என்று பார்த்து, அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். ஆக, தொலைந்து போனவர்களுக்குக் கொடுத்த அதே எண்களை அடுத்து வந்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறது.

மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் பத்தொன்பதுதான். மூடிவைத்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஜூன் 7, சனி

அரிசி மூட்டை வந்தது, இறக்கி வைத்தேன். குளியலறைக் குழாய் ஒழுகல் சரியானது. அம்மா கேட்டதற்கு வேலை நன்றாகப் போகிறது என்றேன்.

ஜூன் 11, புதன்

நேர்காணல் பட்டியல் நேற்று வெளியானது. இன்று அண்ணனும் நானும் அறக்கட்டளைக்குப் போயிருந்தோம், வேறு ஒரு வேலையாக. செயலர் அறையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். பேர் கோகிலவாணி, சித்தோடு. வீட்டில் விசைத்தறி.

"மூணாந்தேதி மத்தியானம் பிரவுசிங் சென்டர்ல போட்டனுங்க. நெம்பர் வந்துச்சுங்க. 118. பட்டியல்ல அந்த நெம்பருக்கு வேற பேர் இருக்குதுங்க."

கையில் இருந்த ஃபோனை நீட்டினாள். கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தாள். 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. எண்: 118.' என் பக்கம்தான். நான் தேர்ந்தெடுத்த பச்சை நிறம். ஜெசிந்தாவின் பக்கத்தில் பேரும் அப்பா பேரும் சேர்ந்து வரும். அதெல்லாம் எதற்கு என்று நான் எடுத்துவிட்டிருந்தேன்.

செயலர் ஃபோனை வாங்கிப் பார்த்தார். "இதுல உம்பேரே இல்லியேம்மா. 118 கோபிச்செட்டிபாளையத்துப் புள்ளையோடது, தேவசேனான்னு. அந்தப் புள்ளையும் அதே சென்டருக்கு வந்துதோ என்னமோ. அடுத்தவங்க நெம்பரப் படம் புடிச்சுட்டு வந்து நின்னா எப்படி?"

"நான் ஏனுங்க அப்படிப் பண்றேன்?"

"தம்பி, நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லேப்டாப்பைத் திறந்து தேடுவதுபோல் தேடினேன்.

"பதிவுல கோகிலவாணிங்கற பேர் இல்லைங்க" என்றேன்.

"118?"

"தேவசேனாங்க."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதைச் சொல்லி இன்று முழுக்க என்னையே சமாதானம் செய்து பார்க்கிறேன், ஆகவில்லை. செயலர் கோப்புக்காக எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். இப்பெயரில் எந்த விண்ணப்பமும் எங்கள் பதிவில் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவள் ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வாசல்படியில் நின்று திரும்பி, "நான் பொய் சொல்லலைங்க" என்றாள். செயலரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

ஜூன் 12, வியாழன்

காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலிருந்தேன். காய்ச்சல் இல்லை.

ஜூன் 14, சனி

முதல் பக்கத்தில், வேலையை விட்டுவிட்டு வந்ததாக அண்ணன் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். அவர் சொன்னது நான் சொல்லிக் கொடுத்ததுதான். நானாக விடவில்லை, பெங்களூர்க் கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். இந்த நோட்டைத் திறந்து படிக்க என்னைத் தவிர யாரும் இல்லை, இதில்கூட நேராக எழுத எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

வேலை தெரியவில்லை என்று அனுப்பவில்லை. போன வருட மதிப்பீட்டில் என் மேலாளர் எழுதியிருந்தார்: திறமை உண்டு, தவறு நடந்தால் கடைசிவரை ஒத்துக்கொள்வதில்லை. அந்த மனுஷனை எத்தனை திட்டியிருப்பேன்! சே.

அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். இறங்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலை அலுவலக எண்ணுக்கு ஒரு ஃபோன். நான்தான் எடுத்தேன்.

"ஏனுங், நான் சித்தோட்டுல இருந்து தனசேகர் பேசறனுங். கோகிலவாணி வீட்டுக்காரரு. அறக்கட்டளைல கேட்டதுக்கு, கம்ப்யூட்டர்ல பாத்து எழுதிக் குடுத்தது நீங்கன்னு இந்த நெம்பரக் குடுத்தாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறனுங்."

"சொல்லுங்க."

"மூணாந்தேதி ஊட்டுல இருந்து போனவ மூணு மணி நேரம் கழிச்சு வந்தா. அப்ளிகேசன் போடப் போனேன், கூட்டமா இருந்துச்சுங்கறா. எங்கண்ணன், எங்கம்மால்லாம் அவ அப்ளிகேசனே போடல, எங்கியோ போயிட்டு வந்து கதை சொல்றாங்கறாங்க. எனக்கு நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியலைங். அவ போட்டாளாங்? இல்லீங்களா? இதச் சொல்லிட்டீங்கன்னா போதும்."

எதிரில் ஜெசிந்தா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அண்ணன் அறைக் கதவு திறந்திருந்தது. 

"பதிவுல இல்லைங்க" என்றேன்.

அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது.

"சரிங். ரொம்ப நன்றிங்."

எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தான்! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஒரு விண்ணப்பத்தைத் தொலைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி வீட்டில் நிம்மதியாகத் தலைநிமிர்ந்து நடப்பதையும் சேர்த்துத் தொலைத்திருக்கிறேன். நேர்காணல் 25ஆம் தேதி. அதற்குள் நான் வாய் திறக்காவிட்டால் அவளுக்கு அந்த இடமும் இல்லை, வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலை போனதும் ஜெசிந்தாவின் மேசை முன் நின்றேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கால் மணி, நினைவகம், பத்தொன்பது பேர், ஒரே எண் இரண்டு பேருக்கு, நான் எழுதிக் கொடுத்த கடிதம், நேற்று வந்த ஃபோன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வருகிற தண்ணீர்.

"அந்தப் புள்ள நெம்பர் மாறியிருக்குதுன்னு அண்ணன் சொன்னதுல இருந்து, அஞ்சாந்தேதி அவசரத்துல நான் மாத்துனதுல ஏதோ தப்புன்னு ஆறு நாளாப் பைத்தியமாட்டம் என்ற புரோகிராமத் தோண்டிட்டு இருக்கறனுங்க. ஒவ்வொரு வரியா. நீங்க எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டே இருந்தீங்களே!"

ஆமாம், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இதை எழுதவே கூசுகிறது.

"கைல வாங்குன ஃபாரத்த எழுதாம மனசுல வெச்சுக்கச் சொல்லி யாருங்க உங்களுக்குச் சொன்னது?" என்றாள். "என்ற பி.எச்.பி.க்கு ஞாபகம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. வந்த வேல முடிஞ்சா அது காலி. அதனாலதான் வாங்குன கையோட எழுதி வெச்சிட்டுப் போகுது. எப்ப வேணா புடிச்சுக் கொல்லுவாங்கன்னு தெரிஞ்ச எடத்துல அப்படி இருக்கறதுதானுங்களே புத்தி? உங்குளுது நல்ல சாமான்தான், நான் இல்லைங்கல. அதுக்குன்னு ஒரு வீடு குடுத்து உக்கார வெக்கணும். இங்க கொண்டாந்து குடி வெச்சது உங்க தப்பு. அத மறைச்சது அதவிடப் பெரிய தப்பு."



"வாங்க, அண்ணன்கிட்டப் போலாம்" என்று எழுந்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும்."

அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்களப் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சனே வேலு" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 18, புதன்

அறக்கட்டளை. அண்ணன் கூட வந்தார், பேசியது நான். ஹோஸ்டிங் குறிப்பை அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். ஜூன் 3, மதியம் 2.14க்கு ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. கோகிலவாணியின் படம் எடுக்கப்பட்டது 2.15. டேட்டாபேஸில் அந்த நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. அன்று தேவசேனாவின் விண்ணப்பம் வந்தது 2.40க்கு. செயலர் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"நான் அந்தப் புள்ளைய எம்மூஞ்சிக்கு நேரா நிறுத்தித் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிச்சனே தம்பி" என்றார். "நீங்க எழுதிக் குடுத்த தைரியத்துல."

"ஆமாங்கய்யா."

பத்தொன்பது பேரையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லலாம், 25ஆம் தேதி மற்றவர்களோடு சேர்த்தே நேர்காணல் என்று முடிவானது. ஆனால் அவர்கள் யார்? பேர், ஃபோன் நம்பர், ஊர் எல்லாம்தான் போய்விட்டதே. முகப்புப் பக்கத்தில் அறிவிப்புப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. நானே எழுதினேன். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு, 'எங்கள் தவறால் பத்தொன்பது விண்ணப்பங்கள் அழிந்துவிட்டன. எண் கிடைத்தும் பட்டியலில் பெயர் வராதவர்கள் சொல்வது உண்மை' என்று எழுதினேன். கீழே என் பேரும் என் ஃபோன் நம்பரும்.

ஜெசிந்தா வாசித்துவிட்டு ஏற்றினாள். இரண்டு உள்ளூர்க் கேபிள் சேனலிலும் ஓடவிட அண்ணன் ஏற்பாடு செய்தார்.

ஜூன் 20, வெள்ளி

இரண்டு நாளாக ஃபோன் ஓயவில்லை. அந்தியூர்க்காரப் பெண் ஒருத்தியின் அப்பா என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். ஒருத்தி சிரித்தாள், "நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சு அழுதனுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம், லீவு போட்டு வருகிறேன் என்றாள். எல்லோரிடமும் அதே வாக்கியம்தான்: தப்பு என்னோடதுங்க. முதல் ஐந்து பேரிடம் சொல்லும்போது குரல் உடைந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகியதும் எனக்குப் பிடிக்கவில்லை.

பதினெட்டுப் பேர் வந்தாயிற்று. கோகிலவாணி மட்டும் கூப்பிடவில்லை. பொய்க்காரி என்று சொல்லி அனுப்பிய இடத்தின் பக்கத்தை அவள் எதற்குத் திறந்து பார்க்கப் போகிறாள்? தனசேகருக்கு நான் ஃபோன் செய்தேன். பேரைச் சொன்னதும் வைத்துவிட்டான். செயலரிடம் இருந்த மனுவில் முகவரி இருந்தது. எழுதிக்கொண்டேன்.

ஜூன் 21, சனி

காலை பத்து மணிக்கு சித்தோடு போய்ச் சேர்ந்தேன். ஓட்டு வீடு, பக்கத்திலேயே தறிக்கூடம். நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேரைச் சொன்னதும் தனசேகர் தறிகளை நிறுத்தினான். முப்பது வயது இருக்கும், தலையெல்லாம் பஞ்சு. அவன் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவன் அம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்" என்றான் தனசேகர்.

"நின்னுட்டே சொல்லிர்றனுங்க." காகிதத்தை எடுத்தேன். "உங்க சம்சாரம் அன்னிக்கு விண்ணப்பம் போட்டாங்க. மூணாந்தேதி, மத்தியானம் ரெண்டு பதினாலு. இதோ இந்த வரி. அவங்க காட்டுன நெம்பர் அவங்களுக்கு வந்த நெம்பர்தான். நான் எழுதுன புரோகிராம் அத அழிச்சிருச்சு, அதே நெம்பர இன்னொருத்தருக்கும் குடுத்திருச்சு. அன்னிக்குப் பக்கம் ரெண்டு மூணு தடவ நின்னும் போச்சு, சென்டர்ல எல்லாரும் காத்துட்டுத்தான் இருந்திருப்பாங்க. அவங்க சொன்னது பூரா நெசமுங்க."

தனசேகர் காகிதத்தை வாங்கினான். அதில் அவனுக்கு என்ன புரியும்? தேதியும் நேரமும் புரியும். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் போன் பண்ணிக் கேட்டனேங்" என்றான். "அப்பத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா இல்லைன்னீங்க?"

"ஆமாங்க. என் தப்புன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க."

"உங்க வெக்கத்துக்கு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவன் கை ஓங்கினால் வாங்கிக்கொள்வது என்றுதான் பஸ்ஸில் வரும்போதே நினைத்திருந்தேன். அவன் ஓங்கவில்லை. கட்டிலில் இருந்த அவன் அண்ணன் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "செரி, டீ சாப்புட்டு வர்றேன்" என்று செருப்பைத் தேடினார்.

"இருங்க மாமா" என்றாள் கோகிலவாணி. நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். குரல் உயரவே இல்லை. "பத்து நாளாக் கேட்டீங்களே எல்லாரும், மூணு மணி நேரம் எங்க போனேன்னு. இப்பக் கேளுங்க. இவுரு இருக்கறப்பவே கேளுங்க."

மாமியார் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க கேளுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து.

தனசேகர் தரையைப் பார்த்தான். நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடி விண்ணப்பிக்கலாம், 25ஆம் தேதி மற்றவர்களோடு சேர்த்தே நேர்காணல் என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னிடம் ஃபோனை நீட்டினாள். ஜெசிந்தாவின் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். வாசலில் நின்றே தன் கையால் நிரப்பினாள், நான் எதையும் தொடவில்லை. அனுப்பியதும் பேரோடும் அப்பா பேரோடும் எண் வந்தது. மனசுக்குள் ஒரு தடவை படித்துவிட்டு, புருஷனிடம் காட்டிவிட்டு, உள்ளே போய்க் காலண்டரில் எழுதிவிட்டு வந்தாள்.

"இது அழியாதுங்களா?"

"அழியாதுங்க. இத நான் எழுதல."

"இருபத்தஞ்சாந்தேதி வந்தர்றனுங்க. எடம் கெடச்சா விடுதில இருந்து படிச்சுக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அன்னிக்கு எங்க போனேன்னு என்னப் பாத்துக் கேட்டாங்கல்லங்க. அதையும் இல்லைன்னு ஆக்க முடியுங்களா?"

"முடியாதுங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். நான் கும்பிட்டேன், அவள் திருப்பிக் கும்பிடவில்லை. ரோட்டுக்கு வரும்வரை தறிச் சத்தம் மறுபடி கேட்கவில்லை. பஸ் காலியாகத்தான் வந்தது. ஈரோடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.